கப்பற்பொறி காத்த அர்தசீர்

தோற்றுவாய் : கொல்லிமலையின் மேற்கு அடிவாரத்தை அடுத்த சமவெளியில் சேந்தமங்கலம் என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வூருக்கும் கடலுக்கும் இடையே உள்ள தொலைவு மிகுதி. ஆயினும், கலம் செலுத்துவோர் உயிரினும் மேலாக மதிக்கும் உண்மையொன்றை அவ்வூரார் தம் சாலையிலேயே நாள்தோறும் காண்கின்றனர். அண்மையிலுள்ள நாமக்கல் நகரம் லாரிகளுக்குப் பாடி கட்டும் தொழிலில் பெயர் பெற்றது. அங்கு உருவாகும் லாரி எத்துணை அழகியதாயினும், ஆய்வாளர் அதன் பிரேக்கு, சக்கரம், விளக்கு முதலியவற்றை ஆராய்ந்து தகுதிச் சான்று அளித்த பின்னரே அது சாலையில் ஓடுதல் வேண்டும். ஆக்குவோன் ஒருவன், ஆராய்வோன் மற்றொருவன். இருவரும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்தால்தான் ஊர்தியில் ஏறுவோர் உயிர் பிழைப்பர்.

நிலத்தில் ஓடும் வண்டி பழுதுற்றால் அதனைச் சாலையோரத்தில் நிறுத்தி விடலாம். கடலில் நிறுத்துதற்கு ஓரம் ஏது? நடுக்கடலில் கொதிகலன் வெடித்தாலும், அடித்தளம் பிளந்தாலும் கப்பலில் உள்ளோர்க்கு உதவுவார் அருகில் இலர். ஆதலின் கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்குமுன்னர் அதனை ஆராய்ந்து பார்க்கும் பணி மிகப் பொறுப்பு வாய்ந்தது. நம் நாட்டில் நீராவிக் கப்பல்கள் தோன்றிய தொடக்கக் காலத்திலேயே அப்பணியின் தலைமையை ஏற்று நின்ற இந்தியர் ஒருவர் உண்டு. அவரே அர்தசீர் கர்செட்ஜி வாடியா ஆவார்.

குடிப்பிறப்பு : அர்தசீர் 1808-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6-ஆம் நாள் பம்பாய் நகரில் தோன்றினார். அந்நகரம் இந்நாளில் மும்பை எனப்படுகிறது. அவர் பிறந்த குடி பார்சி மரபைச் சார்ந்த வாடியா குடி. வாடியா என்னும் பெயரே கலங்கட்டும் தொழிலைக் குறிப்பது. அக்குடியின் முன்னோராகிய லவ்ஜி நஸர்வான்ஜி என்பார் 1736-ஆம் ஆண்டில் சூரத்து நகரினின்றும் பம்பாய்க்கு வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கு அமைக்க விரும்பிய கப்பற் கட்டும் துறையை உருவாக்கும் பொறுப்பு அவர்பால் ஒப்படைக்கப்பட்டது. அங்கு 1750-ஆம் ஆண்டில் உலர்துறை ஒன்று அமைந்தது. உலர்துறை என்பது, கப்பலை உள்ளே கொணர்ந்து, வாயிலை அடைத்து, நீரை வெளியேற்றி, கப்பலின் அடிப்பகுதியைக் கண்ணாற் கண்டு பழுது நீக்குதற்கு ஏற்ற கட்டடமாகும்.

லவ்ஜியின் வழிவந்தோர் நூறாண்டுக்கு மேலாக அத்துறையின் தலைமைத் தச்சராய் விளங்கினர். மலையாளக் கரைக் காடுகளில் வளர்ந்த தேக்கே அவர்கள் கையாண்ட மரம். இங்கிலாந்தின் கருவாலி மரத்தினும் தேக்கு நெடுநாள் உழைக்கும் என்பதை உணர்ந்த ஆங்கிலக் கடற்படையினர், தமக்குரிய போர்க்கப்பல்களையும் பம்பாயிலேயே கட்டுவித்தனர். 1817-ஆம் ஆண்டில் அங்குக் கட்டப்பெற்ற திரிங்கோமலி என்னும் போர்க்கப்பல், இருநூறு ஆண்டுகள் கடந்தும் இங்கிலாந்து நாட்டின் ஆர்ட்டில்பூல் நகரில் நீர்மேல் நின்று காண்போர்க்கு வியப்பளிக்கின்றது. நம் ஈழத்துத் திருக்கோணமலையின் பெயரையே அக்கப்பல் தாங்கியுள்ளது என்பது தமிழர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

இளமையும் ஆர்வமும் : அர்தசீரின் தந்தையார் கர்செட்ஜி ருஸ்தம்ஜியும் அக்கப்பற்றுறையில் பணியாற்றியவரே. 1822-ஆம் ஆண்டில், தம் பதினான்காம் வயதில், அர்தசீர் தந்தையாரிடம் தொழில் பயிலத் தொடங்கினார். மரத்தைத் தேர்தலும், அறுத்தலும், வளைவுக்கு ஏற்ப இழைத்தலும், பலகைக்கும் பலகைக்கும் நீர் புகாவண்ணம் பொருத்துதலும் அவருக்குக் குலக்கல்வியாக அமைந்தன. ஆயின், அவர்தம் உள்ளம் மரத்தளவில் நின்றுவிடவில்லை. அக்காலத்தில் மேனாட்டில் புதுமையாகப் பரவிவந்த நீராவிப் பொறியின்மீது அது சென்றது.

அதற்குக் காரணம் இருந்தது. பாய்மரக் கப்பல் காற்றை நம்பிச் செல்வது. இந்தியாவினின்றும் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இங்கிலாந்தை அடைதற்குப் பல திங்கள் ஆகும். நீராவிக் கப்பலோ காற்றை எதிர்நோக்கி நிற்பதன்று. பம்பாயிலேயே கட்டப்பெற்று 1829-ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பட்ட ஹியூ லிண்ட்சே என்னும் நீராவிக் கப்பல், 1830-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் புறப்பட்டு, ஏறத்தாழ ஒரு திங்களில் செங்கடலின் வடமுனையிலுள்ள சூயெசுவை அடைந்தது. அக்கப்பலுக்குரிய நிலக்கரி அறை போதாமையால், பயணிகளின் அறைகளிலும் நிலக்கரியை நிரப்ப வேண்டியதாயிற்று. இடர் பலவாயினும் வழி புலப்பட்டு விட்டது. அப்போது அர்தசீருக்கு வயது இருபத்தொன்று. இனி வருங்காலம் நீராவிக்கே உரியது என்பதை அவ்விளைஞர் ஐயமற உணர்ந்தார்.

இவ்வுணர்வு எளிதன்று என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் குடியின் புகழும் செல்வமும் தேக்குக் கப்பலினால் வந்தவை. நீராவியும் இரும்பும் பெருகினால் அப்புகழ் தேயும். முன்னோர் தொழிலைப் போற்றுவோர் பலர் புதியதைப் பகையாகக் கருதுவதுண்டு. அர்தசீரோ புதியதைக் கற்றுத் தமதாக்கிக் கொள்வதே முன்னோர்க்குச் செய்யும் சிறப்பு எனக் கருதினார்.

முதல் முயற்சிகள் : பொறியியலைக் கற்பிக்கும் கல்லூரி அந்நாளில் நம் நாட்டில் இல்லை. அர்தசீர் கருவிகளைத் திரட்டித் தம் இல்லத்திலேயே பட்டறை ஒன்றை அமைத்தார். ஒரு குதிரை ஆற்றலுடைய சிறு நீராவிப் பொறியைச் செய்து, அதனைக் கொண்டு கிணற்று நீரை இறைக்கச் செய்தார். பின்னர் 1833-ஆம் ஆண்டில் இண்டசு என்னும் பெயருடைய, 60 டன் அளவுள்ள சிறு கப்பலைக் கட்டி, அதில் நீராவிப் பொறியைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தே.

அடுத்த ஆண்டில் மற்றொரு புதுமையை அவர் நிகழ்த்தினார். மசகான் பகுதியிலிருந்த தம் மாளிகையிலும் தோட்டத்திலும் வாயு விளக்குகளை ஏற்றினார். அவற்றுக்கு வேண்டிய வாயுவை உண்டாக்கும் அமைப்பையும் தாமே நிறுவினார். எண்ணெய் விளக்கையே கண்டிருந்த நகரமக்கள் அவ்வொளியைக் கண்டு வியந்தனர். பம்பாய் ஆளுநராகிய கிளேர் பிரபுவும் நேரில் வந்து கண்டு பாராட்டினார். இவ்வாறு அறிவியலின் பயனைத் தம் நாட்டார் கண்முன் நிறுத்துவதில் அர்தசீர் பெருமகிழ்ச்சி கொண்டார்.

மேனாட்டுச் செலவு : நூலும் சிறு பட்டறையும் தம் அறிவுப் பசிக்குப் போதா எனக் கண்ட அர்தசீர், நீராவித் தொழில் செழித்திருந்த இங்கிலாந்திற்கே சென்று பயில விரும்பினார். அவர் உறவினராகிய ஜஹாங்கீர் நவ்ரோஜி, ஹிர்ஜிபாய் மெர்வான்ஜி என்னும் இளைஞர் இருவர் கப்பற்கலை பயிலுதற்பொருட்டு 1838-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுக்குச் சென்றிருந்தனர். அர்தசீர் 1839-ஆம் ஆண்டில் பம்பாயை விட்டுப் புறப்பட்டார்.

அந்நாளில் சூயெசுக் கால்வாய் இல்லை. அது 1869-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. ஆதலின் செங்கடல் வழியாகச் சென்று, எகிப்து நாட்டு நிலப்பகுதியைக் கடந்து, மீண்டும் நடுநிலக் கடலில் கப்பல் ஏறுதல் வேண்டும். அர்தசீர் அவ்வழியே சென்றார். கண்டனவற்றை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அக்குறிப்பு 1840-ஆம் ஆண்டில் இலண்டனில் நூலாக வெளிவந்தது.

இங்கிலாந்தில் அவர் பொழுதை வீணே போக்கவில்லை. பொறிகள் வார்க்கப்படும் இடங்களையும், கப்பற் கட்டும் துறைகளையும், தொழிற்சாலைகளையும் கண்டு பயின்றார். குடிமுறைப் பொறியாளர் கழகத்தார் அவரைத் தம் இணை உறுப்பினராக ஏற்றனர். நீராவிக் கப்பல்களைப் பேணும் பொறுப்புள்ள பதவியைத் தமக்கு அளிக்குமாறு அவர் கம்பெனியின் இயக்குநர்களிடம் விண்ணப்பித்தார். அவர் திறமையை நன்கறிந்த இயக்குநர் அவ்வேண்டுகோளை ஏற்றுக்கொண்டனர்.

பதவியும் எதிர்ப்பும் : பம்பாயிலிருந்த நீராவித் தொழிற்சாலைக்கும் வார்ப்பகத்துக்கும் தலைமைப் பொறியாளராகவும், பொறிகளின் ஆய்வாளராகவும் அர்தசீர் அமர்த்தப்பெற்றார். 1841-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் முதல் நாள் அவர் பொறுப்பேற்றார். அவர்தம் மாத ஊதியம் 600 ரூபாய். அவருக்குக் கீழ் ஐரோப்பிய உதவியாளர் நால்வரும், நூற்றுவர் அளவினரான ஐரோப்பியப் பொறியாளரும் கொதிகலன் தொழிலாளரும், இருநூற்றுவர் அளவினரான இந்தியத் தொழிலாளரும் பணிபுரிந்தனர்.

ஐரோப்பியர் ஆணையிட இந்தியர் அடங்கி நடப்பதே அக்காலத்தின் வழக்கம். ஐரோப்பியர் நூற்றுவர் இந்தியர் ஒருவரின் ஆணைக்கு உட்படுவது அதற்கு முன் காணாத செய்தி. பம்பாயில் வெளிவந்த ஆங்கில இதழொன்று அவ்வேற்பாட்டைக் குறைகூறி எழுதியது. எத்துணை அறிவுடையராயினும் இந்தியர் ஒருவரால் ஐரோப்பியரைக் கட்டி ஆளல் இயலாது என்பது அக்கூற்றின் கருத்து. பிறப்பினால் தகுதியை அளக்கும் அப்புன்மைக்கு அர்தசீர் பணியாலேயே விடையளித்தார். அப்பதவியில் ஓராண்டு அன்று, ஈராண்டு அன்று, பதினாறு ஆண்டுகள் நிலைபெற்று நின்றார். அந்நெடுங்காலப் பணியினும் வலிய மறுப்பு வேறு இல்லை.

ஆய்வாளரின் பணி : பொறி ஆய்வாளர் செய்ய வேண்டுவன யாவை என்பதை அறிந்தால்தான் அப்பதவியின் பொறுப்பு விளங்கும். அந்நாளைய கப்பலின் உயிர்நிலை அதன் கொதிகலன். தட்டையான இரும்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படியுமாறு வைத்துத் தறையாணிகளால் இணைத்து அதனைச் செய்வர். நெடும்பயணம் செல்லும் கப்பலில் நல்ல நீரைப் போதிய அளவு கொண்டு செல்லல் அரிது. ஆகவே கடல்நீரையே கொதிகலனில் ஊற்றிக் காய்ச்சினர். ஆயிரம் பங்கு கடல்நீரில் ஏறத்தாழ முப்பத்தைந்து பங்கு உப்பு உண்டு. நீர் ஆவியாய்ப் போக, உப்பு உள்ளே தங்கித் தகட்டின்மேல் பாறைபோல் படியும்.

அவ்வுப்புப் படலமே பெரும் பகை. நெருப்பின் வெம்மை தகட்டின் வழியாக நீரைச் சேருமானால் தகடு மிகுதியாகக் காய்வதில்லை. இடையே உப்புப் படிந்தால் வெம்மை நீரைச் சேராது, தகடு செவ்வெனக் காய்ந்து வலியிழக்கும், உள்ளிருக்கும் நீராவியின் அழுத்தத்தைத் தாங்க மாட்டாது வெளியே புடைக்கும், இறுதியில் வெடிக்கும். இதனைத் தடுத்தற்பொருட்டு, உப்பு மிகுந்த நீரை அவ்வப்போது வெளியேற்றிப் புதிய கடல்நீரைச் செலுத்துவர். அவ்வாறு வெளியேற்றும்போது வெம்மையும் வீணாகும். நிலக்கரிச் செலவும் மிகும். செலவுக்கு அஞ்சி அச்செயலைக் குறைப்பாராயின் உப்புப் பெருகும். சிக்கனத்துக்கும் உயிர்க்காப்புக்கும் இடையே உள்ள இப்போராட்டத்தில் உயிரின் பக்கம் நின்று பேச வேண்டியவர் ஆய்வாளரே.

கப்பல் துறைக்கு வந்ததும் நெருப்பை அவித்து, நீரை வடித்து, ஆள் புகும் துளையின் வழியாகக் கொதிகலனின் உள்ளே விளக்குடன் நுழைந்து பார்ப்பது இத்தொழிலின் வழக்கம். சிறு சுத்தியலால் தகடுகளையும் ஆணிகளையும் தட்டுவர். குற்றமற்ற தகடு மணிபோல் ஒலிக்கும். துருவேறித் தேய்ந்த தகடும், விரிசல் கண்ட தகடும் மங்கிய ஓசை தரும். ஓசையின் வேறுபாட்டை அறிதற்குப் பல்லாண்டுப் பழக்கம் வேண்டும். குடத்தை விரலால் தட்டிப் பார்த்து வாங்கும் நம் மகளிரும் இவ்வறிவை உடையவரே.

அதன்பின் நீரழுத்தச் சோதனை நடைபெறும். கொதிகலனைக் குளிர்நீரால் நிரப்பி, இறைப்பி கொண்டு, அது தாங்க வேண்டிய அழுத்தத்தினும் மிகுதியான அழுத்தத்தை உண்டாக்குவர். நீராவியைப் போல நீர் சுருங்கி விரியும் இயல்புடையதன்று. ஆதலின் தகட்டில் குற்றம் இருப்பின் நீர் கசியுமேயன்றிக் கொதிகலன் வெடித்துச் சிதறாது. தீங்கில்லாத முறையில் குறையைக் கண்டறிவதற்கு இது சிறந்த வழியாகும். காப்புத் தடுக்கிதழ் உரிய அழுத்தத்தில் தானே திறக்கின்றதா, அதன்மேல் எவரேனும் மிகுதியான பாரத்தை ஏற்றியுள்ளனரா, சக்கரத்தைச் சுழற்றும் அச்சில் விரிசல் உண்டா என்பனவும் ஆராயப்படும்.

இத்துணையும் ஆராய்ந்தபின் குறை காணப்படின், கப்பல் புறப்படலாகாது எனக் கூறுதல் வேண்டும். அங்ஙனம் கூறினால் அஞ்சல் காலந்தாழும், சரக்குத் தேங்கும், பயணிகள் சினப்பர், கலத்தலைவர் வெகுள்வார். கூறாது விட்டால் ஒருவேளை தீங்கு நேராமலும் போகலாம். அந்த ஒருவேளையை நம்பி நூறு உயிர்களைக் கடலுக்கு அனுப்பாமைதான் ஆய்வாளரின் அறம். அடிமைப்பட்டிருந்த நாட்டில், ஆளும் இனத்தவராகிய கலத்தலைவர்களின் கப்பல்களை ஆராயும் பதவியில் இந்தியர் ஒருவர் அமர்ந்திருந்தார் என்பதை நினைக்குங்கால், அறிவோடு நெஞ்சுறுதியும் அவருக்கு எத்துணை வேண்டியிருந்திருக்கும் என்பது புலனாகும்.

அரசக் கழகத்தின் சிறப்பு : அர்தசீர் பதவியேற்ற 1841-ஆம் ஆண்டிலேயே அவரை மற்றொரு பெருஞ்சிறப்பும் வந்தடைந்தது. இலண்டனிலுள்ள அரசக் கழகம் உலகப் புகழ்பெற்ற அறிவியல் அவையாகும். நியூட்டன் தலைமை தாங்கிய அவை அது. அவ்வவையினர் 1841-ஆம் ஆண்டு மே திங்கள் 27-ஆம் நாள் அர்தசீரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர். கப்பற்கலையின் கொள்கையிலும் செயலிலும் வல்லவர் என்பதும், பம்பாயில் வாயு விளக்கைப் புகுத்தியவர் என்பதும், 60 டன் கப்பலுக்கு நீராவிப் பொறி அமைத்தவர் என்பதும் அவர் தகுதிகளாகக் குறிக்கப்பட்டன.

இந்தியருள் அச்சிறப்பை முதன்முதலாகப் பெற்றவர் அர்தசீரே. இரண்டாமவராக அதனைப் பெற்றவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுசன் ஆவார். அவர் 1918-ஆம் ஆண்டில் உறுப்பினரானார். இரண்டுக்கும் இடையே 77 ஆண்டுகள் கழிந்தன. இந்நீண்ட இடைவெளியில் நம் நாட்டில் அறிவுடையோர் தோன்றவில்லை என்பது பொருளன்று. அவ்வறிவு மலர்தற்கு வேண்டிய வாய்ப்பு அமையவில்லை என்பதே பொருளாகும்.

நம் பக்கத்து இரும்பு : அர்தசீர் பம்பாயில் பொறிகளோடு பழகிய அதே காலத்தில், சேலம் நாட்டிலும் இரும்புத் தொழிலில் ஒரு பெருமுயற்சி நடைபெற்றது. சேலத்துக் கஞ்சமலையில் உயர்ந்த இரும்புக்கல் கிடைக்கின்றது. சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே நிற்கும் கொல்லிமலைத் தொடரிலும் இரும்புக்கற் படிவுகள் உண்டு. சோசையா மார்சல் ஹீத்து என்னும் ஆங்கிலேயர், சேலத்து இரும்புக்கல்லை உருக்குதற்பொருட்டு 1830-ஆம் ஆண்டில் கடற்கரையிலுள்ள பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். அவ்விரும்பு இங்கிலாந்து வரை சென்றது. ஆயின், உலைக்கு வேண்டிய மரக்கரி போதிய அளவில் கிடையாமையாலும், பொருள் முட்டுப்பாட்டாலும் அவ்வாலை நிலைபெறவில்லை. கல் இருந்தது, கைத்திறனும் இருந்தது, நிலைத்த ஆதரவு இல்லை. கொதிகலனும் பொறியும் பெரும்பாலும் கடல்கடந்தே நம் நாட்டுக்கு வந்தன. இந்நிலையை மனத்திற் கொண்டு நோக்கினால்தான், பொறியின் பகுதிகளை இந்நாட்டிலேயே செய்ய முயன்ற அர்தசீரின் அருமை விளங்கும்.

பிற்கால வாழ்க்கை : அர்தசீர் கற்பதை ஒருபோதும் நிறுத்தவில்லை. நாற்பது வயதைக் கடந்தபின், 1849-ஆம் ஆண்டில் அவர் அமெரிக்க நாட்டுக்குச் சென்றார். அங்கு மரம் அறுக்கும் பொறிகளைக் கண்டு, பம்பாய்க் கப்பற்றுறைக்கென அவற்றை வாங்கினார். 1851-ஆம் ஆண்டில் லவ்ஜி பேமிலி என்னும் நீராவிக் கப்பலை நீரில் இறக்கினார். தம் குலமுதல்வரின் பெயரைத் தாங்கிய அக்கப்பலுக்குரிய பொறிப் பகுதிகளைத் தம் இல்லத்து வார்ப்பகத்திலேயே அவர் செய்வித்தார். தேக்குக் கப்பலால் புகழ்பெற்ற லவ்ஜியின் பெயர் நீராவிக் கப்பலில் விளங்கியது. பழமையும் புதுமையும் பகையல்ல என்பதற்கு அக்கப்பலே சான்றாயிற்று. தையற்பொறி, ஒளிப்படக்கலை, மின்முலாம் பூசுதல் ஆகியவற்றையும் பம்பாய் மக்களுக்கு அறிமுகம் செய்தவர் அவரே என்பர்.

1857-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அவர் கம்பெனிப் பணியினின்றும் ஓய்வு பெற்றார். எனினும் ஓய்ந்திருக்க அவர் விரும்பவில்லை. சிந்து ஆற்றில் நீராவிக் கப்பல் செலுத்திய குழுமத்தில் 1861-ஆம் ஆண்டில் தலைமைப் பொறியாளர் பொறுப்பை ஏற்றார். அக்குழுமம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1863-ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்து சென்று, தேம்சு ஆற்றங்கரையிலுள்ள ரிச்சுமண்டு என்னும் ஊரில் வாழ்ந்தார். 1877-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், தம் அறுபத்தொன்பதாம் வயதில், அங்கேயே உலக வாழ்வை நீத்தார். இந்திய அஞ்சல் துறை 1969-ஆம் ஆண்டு மே திங்கள் 27-ஆம் நாள் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டு அவரைச் சிறப்பித்தது. அரசக் கழகத்தின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே நாளும் திங்களும் அமைந்தமை குறிப்பிடத்தக்கது.

வழிவந்த பணி : அர்தசீர் காலத்தில் ஆய்வு என்பது கம்பெனியார் தம் கப்பலைத் தாம் காக்கும் முறையாக இருந்தது. பிறர் உயிரையும் காக்கும் சட்டமாக அது மாறுதற்குப் பல உயிர்கள் பலியாக வேண்டியிருந்தது. 1863-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கொதிகலன் ஒன்று வெடித்துப் பலர் மாண்டனர். அதன் விளைவாக 1864-ஆம் ஆண்டில் கொதிகலன்களை ஆராய்தற்குரிய சட்டம் வங்காளத்தில் இயற்றப்பட்டது. இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்சால் என்பார், கப்பல்களில் அளவுக்கு மிஞ்சிய சரக்கை ஏற்றி மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பும் கொடுமையை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் போராடினார். அதன் பயனாக 1876-ஆம் ஆண்டுச் சட்டம், கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு பொறிக்கப்பட வேண்டும் என விதித்தது.

இக்காலத்தில் கப்பல் ஆய்வு மேலும் விரிந்துள்ளது. 1974-ஆம் ஆண்டில் மும்பைக்கு மேற்கே கடலினடியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அதனை எடுத்தற்பொருட்டு நடுக்கடலில் இரும்புக் கால்களின்மேல் மேடைகள் எழுந்தன. அலை இடையறாது மோதுவதால் அக்கால்களின் இணைப்புகளில் நுண்ணிய விரிசல் தோன்றும். உப்புநீர் இரும்பை அரிக்கும். முக்குளிப்போர் நீருள் இறங்கி, அவ்விணைப்புகளைத் துலக்கிப் பார்க்கின்றனர். செவிக்கு எட்டாத நுண்ணொலியை இரும்பினுள் செலுத்தி, அது திரும்பி வருவதைக் கொண்டு உள்விரிசலை அறிகின்றனர். அன்று சுத்தியல் எழுப்பிய ஓசையே இன்று நுண்ணொலியாக வளர்ந்துள்ளது எனலாம். கப்பல்களைத் தரமறிந்து சான்றளிக்கும் இந்தியக் கப்பற் பதிவகம் 1975-ஆம் ஆண்டில் மும்பையில் நிறுவப்பட்டது. 2008-ஆம் ஆண்டு முதல் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி வருகிறது. கடலைக் காணாத ஊரில் பிறந்த மாணவரும் அங்குப் பயின்று கப்பற் பொறியாளராகலாம். பின்னர்க் கப்பல் ஆய்வாளராகவும் உயரலாம்.

முடிவுரை : கப்பலைக் கட்டுவோரை உலகம் புகழும்; அதனைச் செலுத்துவோரையும் புகழும். அதன் குறையைத் தேடிக் கண்டவரை எவரும் பாடுவதில்லை. விபத்து நிகழாது காத்தவரின் பணி வெளியே தெரியாது. நிகழாத ஒன்றுக்குச் சான்று ஏது? ஆயினும், கலம் நலமே கரை சேரும்பொழுதெல்லாம் அவர் பணி வென்றது என்பதே உண்மை. அர்தசீர் குலத்தொழிலைக் குறைவறக் கற்றார். அதனோடு அமையாது புதிய கலையை நாடிக் கடல் கடந்தார். இந்தியரால் இயலாது என்ற சொல்லைப் பதினாறு ஆண்டு உழைப்பால் பொய்யாக்கினார். தாம் செய்யும் பொருளிலும், பிறர் செய்த பொருளிலும் குற்றம் கண்டால் அதனை மறையாது கூறும் நேர்மையே தொழிலுக்கு அணி. அந்நேர்மையை இளமையிலேயே பழகிக்கொள்வோர் எத்தொழிலை மேற்கொண்டாலும் அவரை நம்பிப் பலர் அச்சமின்றிப் பயணம் செய்வர்.